தொடுகறியும் சர்க்கரையும்

தொடுகறி என்பது சிறு பொருள். துவையல், சட்டினி, பச்சடி, பொடி, தொக்கு, ஊறுகாய் என எப்பெயரால் வழங்கினும், இலையில் அது பெறும் இடம் சிறிதே. ஆயினும் அச்சிறு பொருள் இல்லையெனின் இட்டிலியும் தோசையும் தொண்டையைக் கடந்து செல்ல மறுக்கின்றன. பழைய சோறு பழைய சோறாகவே நின்றுவிடுகிறது. சோற்றோடு சேர்த்துண்ணும் துணைப்பொருளைத் தென்மாவட்டத்தார் வெஞ்சனம் என்பர். "இன்று என்ன வெஞ்சனம்?" என்று வினவுவதே அங்கு உணவைப்பற்றி வினவுவதாகும்.

இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு, உவர்ப்பு என்னும் ஆறு சுவைகளுள் தொடுகறிக்கு உரியவை பெரும்பாலும் இனிப்பு ஒழிந்த ஏனையவையே. இனிப்புக்கு நம் முன்னோர் தனியிடம் வகுத்திருந்தனர். பாயசம் வந்தபோது பாயசம் என்று சொல்லியே பரிமாறினர். அதிரசம் பண்டிகைக்கு வந்தது. சர்க்கரைப் பொங்கல் தைத்திங்களின் முதல் நாளில் பொங்கிற்று. (அப்பொங்கலில் இடுவது வெல்லமேயன்றி வெள்ளைச் சீனி அன்று. சொல் நிற்கப் பொருள் மாறிய கதைகளுள் இதுவும் ஒன்று.) அக்காலத்தில் இனிப்பு முன்வாயில் வழியே தன் பெயரைக் கூறிக்கொண்டு வந்த விருந்தினன். இக்காலத்திலோ அது பின்வாயில் வழியே, வேறொருவன் பெயரைப் பூண்டு நுழைகிறது. அவ்வாறு நுழைந்ததை நான் அறிந்துகொண்ட வரலாற்றை முதலில் கூறிவிடுகிறேன்.

ஆசிரியப் பணியினின்றும் ஓய்வு பெற்ற ஆண்டிலேயே எனக்கு நீரிழிவு நோய் இருப்பதை மருத்துவர் கண்டறிந்தார். "இனிப்பை விடுங்கள்" என்றார். விட்டேன். காலையும் மாலையும் அருந்தும் காப்பியில் சர்க்கரையை அறவே நீக்கினேன். பிறந்தநாள் என்று பேரன் கொணர்ந்து நீட்டிய இனிப்பையும் கையால் தொட்டு வாழ்த்திவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். மனவுறுதி மிக்கவன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு. மூன்று திங்கள் கழிந்தபின் குருதியைச் சோதித்த மருத்துவர், "ஐயா, நீங்கள் இன்னும் இனிப்பை விடவில்லையே!" என்றார். எனக்குச் சினம் மூண்டது. பொய்யுரைத்தவனைப்போல் நிற்க நேர்ந்ததே என்று வருந்தியவாறு வீடு திரும்பினேன்.

என் பேர்த்தி ஒன்பதாம் வகுப்பிற் பயில்பவள். நடந்ததைக் கேட்டதும், "தாத்தா, இரவில் தோசைக்கு எதைத் தொட்டுக்கொள்கிறீர்கள்?" என்று வினவினாள்.

"தக்காளிச் சாஸ்தானே அம்மா! தக்காளியில் என்ன இருக்கிறது?" என்றேன்.

அவள் மறுமொழி கூறாமல் புட்டியை எடுத்துவந்து அதன் பின்புறத்தைப் படித்தாள். அவ்வெழுத்துகள் என் கண்ணுக்கு எறும்பின் வரிசையாகவே தோன்றின. 100 கிராம் சாஸில் சேர்க்கப்பட்ட சர்க்கரை 25 கிராம் என்று அங்கே அச்சிட்டிருந்தது. நாலில் ஒரு பங்கு! நான் நாள்தோறும் எடுத்துக்கொள்ளும் அளவை எடுத்துக் காட்டச் சொன்னாள். தட்டில் மூன்று மேசைக்கரண்டி இட்டுக் காட்டினேன். அடுக்களைத் தராசில் நிறுத்தாள். 45 கிராம் இருந்தது. அதிலுள்ள சர்க்கரை ஏறத்தாழ 11 கிராம். இரு வேளைக் காப்பியில் நான் விட்டொழித்ததோ, வேளைக்கு ஒரு தேக்கரண்டியாக 8 கிராமே. காலையில் வெளியே அனுப்பியதை இரவில் வட்டியுடன் உள்ளே அழைத்திருக்கிறேன். தோசையின் எண்ணிக்கையும் என் குற்றத்தில் ஒரு பங்கு உடையது என்பதைப் பின்னர் மருத்துவரிடம் ஒப்புக்கொண்டேன். ஆனால், தோசையை நான் அறிந்து உண்டேன். சர்க்கரையை அறியாமல் உண்டேன். இவ்வேற்றுமையே இக்கட்டுரைக்குக் காரணம்.

மாணவர்களே! இவ்வளவு சிறிய கணக்கைப் பெரிதாக்க வேண்டுமா என்று நீங்கள் நினைக்கலாம். உலக நல்வாழ்வு நிறுவனம் 2015-ஆம் ஆண்டில் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. நாம் உணவிற் பெறும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே, இவ்வாறு சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரவேண்டும் என்றும், இருபதில் ஒரு பங்குக்கும் குறையுமானால் மேலும் நன்மை உண்டு என்றும் அது கூறிற்று. பின்னதை எடையாகக் கூறின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 25 கிராம். அதாவது ஆறு தேக்கரண்டி. அதிற் பாதிக்குச் சற்றுக் குறைந்த அளவை நான் ஒரே வேளையில், இனிப்பு உண்கிறேன் என்னும் எண்ணமே இன்றி முடித்திருக்கிறேன். நம் நாட்டில் நீரிழிவு உடையவர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று 2023-ஆம் ஆண்டில் வெளியான பேராய்வு ஒன்று தெரிவித்தது. அவர் அனைவரும் சாஸ் உண்டே நோயுற்றனர் என்று கூறுவது பேதைமை. குடும்பவழி, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், தீட்டிய அரிசியும் மாவும் மிகுந்த உணவு எனக் காரணங்கள் பல. ஆயினும் பல துளைகள் உள்ள கலத்தில், கண்ணுக்குத் தெரியாத துளையை முதலில் தேடுவது அறிவுடைமை அன்றோ?

இனி, தக்காளிச் சாஸுக்குள் இவ்வளவு சர்க்கரை புகுந்தது எங்ஙனம் என்று பார்ப்போம். கெச்சப் என்னும் பெயரால் இன்று வழங்கும் இப்பொருளின் பிறப்பில் தக்காளியும் இல்லை; சர்க்கரையும் இல்லை. தென்சீனக் கடற்கரையில் வழங்கும் ஹொக்கியன் மொழியில் மீனை உப்பிலிட்டுப் புளிக்கவைத்த சாற்றுக்கு இதனை ஒத்த பெயர் உண்டு. அப்பெயர் மலாய் நாட்டு வழியாகப் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயரை அடைந்தது என்பர். அவர்கள் தம் நாட்டில் காளானையும் வாதுமை இனத்துக் காய்களையும் சிறு மீன்களையும் கொண்டு அதுபோன்ற சாறுகளைச் செய்தனர். தக்காளியைக் கொண்டு செய்யும் முறை ஒன்றை அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து அறிஞர் ஜேம்ஸ் மீஸ் என்பவர் 1812-ஆம் ஆண்டில் நூலில் எழுதினார். 1876-ஆம் ஆண்டில் ஹைன்ஸ் என்பவரின் நிறுவனம் அதனைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கிற்று.

தக்காளிச் சாறு விரைவிற் கெடும் இயல்புடையது. அது கெடாதிருக்கச் செய்பவர்கள் அந்நாளில் பென்சோயேட் முதலிய வேதிப்பொருள்களைக் கலந்தனர். அவை உடலுக்குக் கேடு என்று அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறைத் தலைமை வேதியலறிஞர் ஹார்வி வைலி என்பவர் போராடினார். 1906-ஆம் ஆண்டில் அந்நாட்டில் தூய உணவுச் சட்டம் பிறந்தது. அக்காலத்தில் ஹைன்ஸ் நிறுவனம் பென்சோயேட்டை நீக்கி, நன்கு பழுத்த தக்காளியையும், மிகுதியான காடியையும், மிகுதியான சர்க்கரையையும் கொண்டே சாஸ் கெடாதிருக்கும் வழியைக் கண்டது. சர்க்கரை நீரைத் தன்பால் பற்றிக்கொள்வதால் நுண்ணுயிர்கள் வளர வழியில்லாமற் போகிறது. ஆகவே, சர்க்கரை முதலில் நன்னோக்கத்தோடு கூட்டப்பட்டது என்பதை நாம் மறத்தல் ஆகாது. ஒரு கேட்டை நீக்க வந்த காவலன், வீட்டின் உரிமையாளனாகவே மாறிவிட்டான், அவ்வளவுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. அது பணக்கணக்கு. தக்காளியில் 94 அல்லது 95 பங்கு நீரே. எஞ்சிய 5 அல்லது 6 பங்கே திண்பொருள். சாஸ் கெட்டியாக இருத்தல் வேண்டும். உப்பு நீங்கலாகக் கரைந்த திண்பொருள் 25 பங்குக்குக் குறையலாகாது என்பது நம் நாட்டு உணவுத்தர விதியுமாகும். தக்காளியை மட்டும் கொண்டு அந்நிலையை எட்டுவதானால், ஏறக்குறைய அரைக் கிலோ தக்காளியைச் சுண்டவைத்து 100 கிராம் சாஸ் எடுக்க வேண்டும். சுண்டவைக்கும் விறகோ எரிவாயுவோ அதன்மேற் செலவு. ஒரு பிடி சர்க்கரையைக் கொட்டிவிட்டால் அச்செலவில் பெரும்பகுதி மிச்சமாகிறது. கெட்டித் தன்மையும் வருகிறது; காடியின் புளிப்பும் மட்டுப்படுகிறது; குழந்தைகளும் விரும்பிக் கேட்கிறார்கள். விற்பவனுக்கு இதனினும் வேறு என்ன வேண்டும்? புட்டியின் முகப்பில் மட்டும் கரும்பு இல்லை. பனித்துளி படிந்த தக்காளிப் படமே இருக்கிறது.

தக்காளிச் சாஸை மட்டும் நான் குறைகூறவில்லை. இனிப்பு மிளகாய்ச் சாஸில் சர்க்கரை உண்டு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது, அது நேர்மை. காரம் என்று பெயர் தாங்கிய மிளகாய் பூண்டுச் சாஸிலும், மயோனைஸ் எனப்படும் வெண்குழம்பு வகைகளிற் சிலவற்றிலும், புட்டியிலடைத்த ஊறுகாய், புளிக்காய்ச்சல் ஆகியவற்றிற் சிலவற்றிலும் அது உண்டு. சாஸ் என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஆக்க வல்லார் ஆக்குக; கடைக்காரர் அறிந்த பெயரையே நான் இங்கு எழுதுகிறேன்.

அயல்நாட்டுப் பொருள் என்பதற்காகவும் நான் இதனை வெறுக்கவில்லை. அவ்வாறு வெறுக்கத் தொடங்கினால், தக்காளியை மட்டுமன்றி மிளகாயையும் நம் அடுக்களையினின்று துரத்த வேண்டும். இரண்டும் அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தவை. மிளகாய் இல்லாத துவையலை எண்ணிப்பார்க்கவே என்னால் இயலவில்லை.

"நம் முன்னோர் மட்டும் தொடுகறியில் இனிப்புச் சேர்க்கவில்லையா?" என்று நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். சேர்த்தனர். சித்திரை முதல் நாளில் மாங்காய்ப் பச்சடியில் வெல்லமும் வேப்பம்பூவும் கலந்தனர். வற்றற்குழம்பை இறக்கும்போது ஒரு சிறு துண்டு வெல்லம் இடும் வீடுகளும் உண்டு. ஆனால், பச்சடி ஆண்டுக்கு ஒரு நாள் வந்தது. அதன் இனிப்பும் யாவரும் அறிய வந்தது. குழம்பில் இட்ட சிறு துண்டோ ஒரு குடும்பத்தின் பானை முழுமைக்கும் ஆனது. இட்டவள் தன் கையால் இட்டாள். எவ்வளவு என்பதும் ஏன் என்பதும் அவளுக்குத் தெரியும். திருவள்ளுவர் மருந்து என்று பெயரிட்ட அதிகாரத்தில் மூலிகைகளின் பெயர்களை அடுக்காமல், உண்ணும் அளவைப்பற்றியே பெரும்பாலும் பேசுகிறார். அளவு அறிந்து உண்ண வேண்டுமாயின், உண்பது இன்னது என்று முதலில் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

சர்க்கரைக்கு மாற்றாகக் கருப்பட்டியும் தேனும் கலந்த சாஸ்களும் கடைகளில் வருகின்றன. இவற்றைக் கண்டு ஏமாறல் வேண்டா. வெல்லம், கருப்பட்டி ஆகியவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரையே. தேனையும் உலக நல்வாழ்வு நிறுவனம் சர்க்கரைக் கணக்கிலேயே சேர்க்கிறது. வேறு சில புட்டிகளில் சர்க்கரையை நீக்கி, சுக்ரலோஸ் போன்ற செயற்கை இனிப்பூட்டியைச் சேர்க்கின்றனர். உடல் எடையைக் காப்பதற்கு இத்தகைய இனிப்பூட்டிகளை நம்ப வேண்டா என்று அந்நிறுவனமே 2023-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. என் குறை அதனினும் எளியது. இனிப்பூட்டி எதுவாயினும், நாக்கு இனிப்பையே எதிர்பார்த்து நிற்கும் பழக்கம் மாறுவதில்லை.

அப்பழக்கமே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் ஐந்து வயதுப் பேரன் ஒருவன் இருக்கிறான். புதினாத் துவையலை நாவில் வைத்ததும் முகத்தைச் சுளித்தான். நார்த்தங்காய் ஊறுகாயைக் கண்டு ஓடினான். சுண்டைக்காய் வற்றலைப் பொரித்து வைத்தால், அதில் நஞ்சு இருக்கிறதா என்று கேட்பவன்போல் என்னைப் பார்த்தான். எல்லாவற்றின் மேலும் செந்நிறச் சாஸை ஊற்றிய பின்னரே உண்டான். உப்புமாவும் தோசையும் சப்பாத்தியும் அவனுக்கு ஒரே சுவையாயின. ஆறு சுவைகளைக் கொண்ட ஒரு செல்வத்தில் ஐந்தை இழந்து, ஒன்றை மட்டும் வைத்திருப்பவனை நான் ஏழை என்றே சொல்வேன். நோய் பின்னால் வருமோ வராதோ. இவ்வறுமை இப்போதே வந்துவிட்டது.

இதனை என் மனைவியிடம் சற்று நீட்டி முழக்கிக் கூறினேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "நாற்பது ஆண்டு அம்மியில் அரைத்தவள் நான், உண்டவர் நீங்கள். உங்கள் மருமகள் காலை எட்டு மணிக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். புட்டியை எடுத்தெறிந்தால், இனி அரைப்பவர் யார்?" என்று கேட்டார். இலக்கணத்தில் எத்தனையோ வினாக்களுக்கு விடை கூறியிருக்கிறேன். இவ்வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. அக்காலத்து அடுக்களையைப் புகழ்ந்து பேசும் ஆடவர் பலர், அங்கே யாருடைய தோள் வலித்தது என்று கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை. புட்டி நம் வீட்டுக்குள் வந்ததற்குச் சர்க்கரையின் சூழ்ச்சி மட்டும் காரணம் அன்று. அரைத்துக் கொடுக்க முன்வராத நம் சோம்பலும் காரணம்.

ஆகவே, அறுபது வயதுக்குமேல் நான் அடுக்களையில் மாணவனானேன். முதல் நாள் அடிப்பிடித்தது. இரண்டாம் நாள் உப்பு மிகுந்தது. இப்போது கை படிந்துவிட்டது. நன்றாகப் பழுத்த தக்காளி அரைக் கிலோ எடுத்துக்கொள்கிறேன். வாணலியில் சிறிது நல்லெண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தைப் பொன்னிறமாகும்வரை பொறுமையோடு வதக்குகிறேன். இதிலேதான் மருமம் இருக்கிறது. மெல்லிய தீயில் வதங்கும்போது வெங்காயம் தன்னுள் இருக்கும் இனிமையைத் தானே வெளிப்படுத்துகிறது. பின்னர்த் தக்காளி, நாலு பல் பூண்டு, காய்ந்த மிளகாய் இரண்டு, உப்பு ஆகியவற்றை இட்டு, முக்கால் மணி நேரம் இளந்தீயில் சுண்டவைக்கிறேன். ஆறியபின் மின்னரைப்பானில் அரைத்தெடுத்தால், புட்டிச் சாஸின் நிறத்தில் ஒரு விழுது கிடைக்கிறது. சர்க்கரை ஒரு கல்லும் இல்லை. குளிர்பெட்டியில் வைத்தால் நாலைந்து நாள் கெடுவதில்லை. ஆறு திங்கள் கெடாதிருக்க வேண்டும் என்பது கடையின் தேவை. நம் வீட்டின் தேவை அன்று.

பேரன் முதல் நாள் அதனைத் தட்டோடு தள்ளிவிட்டான். அதற்காக நான் வருந்தவில்லை. பழக்கத்தை அதட்டி விரட்டுதல் இயலாது, அழைத்துக்கொண்டுதான் போகவேண்டும். கடைச் சாஸில் மூன்று பங்கும் வீட்டு விழுதில் ஒரு பங்கும் கலந்து கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்துப் பாதிக்குப் பாதி ஆக்கினேன். பின்னர் ஒரு பங்குக்கு மூன்று பங்கு. மூன்றாம் திங்களில் கடைச் சாஸ் நின்றுவிட்டது, அவன் கேட்கவில்லை. துவையலுக்கு இன்னும் முகத்தைச் சுளிக்கிறான், எனினும் ஓடுவதில்லை.

வீட்டளவில் செய்யக்கூடியது இவ்வளவே. வீட்டுக்கு வெளியே செய்யவேண்டியது ஒன்று உண்டு. தமிழாசிரியனாகிய எனக்கு அது நெஞ்சை உறுத்துகிறது. 2020-ஆம் ஆண்டின் உணவுச் சிப்ப விதிகளின்படி, சேர்ந்த பொருள்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி எழுதுதல் வேண்டும். மொத்தச் சர்க்கரையையும் சேர்க்கப்பட்ட சர்க்கரையையும் தனித்தனியே காட்டுதல் வேண்டும். நல்ல விதிகள். ஆனால், அச்செய்தி ஆங்கிலத்திலோ தேவநாகரி எழுத்தில் அமைந்த இந்தியிலோ இருந்தாற் போதும். பிற மொழிகளிலும் எழுதலாம் என்பது இசைவேயன்றிக் கட்டாயம் அன்று. தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒரு தாய், தன் குழந்தைக்கு எதை ஊட்டுகிறாள் என்பதை எங்ஙனம் அறிவாள்? தென்னமெரிக்காவிலுள்ள சிலி நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல், வரம்புக்கு மிஞ்சிய சர்க்கரை உள்ள பொருளின் முகப்பிலேயே எண்கோண வடிவான கறுப்புக் கட்டத்துள் 'சர்க்கரை மிகுதி' என்று அந்நாட்டார் பேசும் ஸ்பானிய மொழியில் அச்சிடுகின்றனர். பின்புறத்தைத் திருப்ப வேண்டியதில்லை. கண்ணாடி தேட வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் விற்கும் புட்டியில் தமிழில் அவ்வாறு எழுதவேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றினால் மட்டும் அன்று; வயிற்றுப்பாட்டினாலும்தான்.

நம் நாட்டில் நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2025-ஆம் ஆண்டில் தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்குமாறு பணித்தது. குளிர்பானங்களிலும் தின்பண்டங்களிலும் உள்ள சர்க்கரையின் அளவு மாணவர் கண்ணில் நாள்தோறும் படவேண்டும் என்பது அதன் கருத்து. உங்கள் பள்ளியிலும் அத்தகைய பலகை ஒன்றை நீங்களே எழுதலாம். எழுதும்போது குளிர்பானத்தை அடுத்துச் சாஸின் பெயரையும் எழுத மறவாதீர்கள். அதனை இனிப்பு என்று எவரும் ஐயுறுவதில்லை.

எங்கள் வீட்டிலும் புட்டி முற்றும் ஒழிந்துவிடவில்லை. விருந்தினர் குழந்தைகள் வரும்போது என் மகன் ஒன்றை வாங்கி வருகிறான், நான் தடுப்பதில்லை. சென்ற வாரம் அலமாரியைத் திறந்தபோது, அப்புட்டியின் முகப்பில் இருந்த தக்காளிப் படத்தை மறைத்து ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. என் பேர்த்தியின் கையெழுத்து. 'இந்த சாஸில் ஒரு மேசைக்கரண்டிக்கு சர்க்கரை 4 கிராம்' என்று பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே நான் படிக்கும்படி எழுதியிருந்தாள். 'இந்த' என்பதை அடுத்தும், 'மேசைக்கரண்டிக்கு' என்பதை அடுத்தும் வல்லொற்று மிகவேண்டும். அவளை அழைத்து, இரண்டு இடத்திலும் 'ச்' போட்டுக் கொடுத்தேன்.